மாவுப் பெட்டியின் பின்பக்கம்

மார்கழியில் ஏற்காட்டு இட்லி மாவு தூங்கிவிடும். நாம் கம்பளிக்குள் போகிற மாதிரி அதுவும் தனக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். கீழே சேலத்தில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. இங்கே மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு குமிழ்கூட வராது. ஏரிக்குப் போகிற சாலையில் நாங்கள் வைத்திருப்பதோ இட்லிக் கடை. மாவு எழாத காலையில் நானும் என் மனைவியும் எழுந்து என்ன செய்வது?

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். பாத்திரத்தை அடுப்போரம் வைத்தாள். சாக்குச் சுற்றினாள், போர்வை சுற்றினாள். ஒரு குளிருக்கு என் ஸ்வெட்டரையே எடுத்து மாட்டிவிட்டாள். நான் பனியில் நடுங்கிக்கொண்டு கடை திறக்கிறேன், உள்ளே குண்டாவுக்குக் கை வைத்த ஸ்வெட்டர்.

“ஏனுங்க, உங்களுக்கு நடந்தாச் சூடு வந்துரும். அது நடக்குமா?” என்றாள்.

மகள் அப்போது பதினோராம் வகுப்பு. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். மீன்காரரிடம் கேட்டு ஒரு தெர்மகோல் பெட்டி வாங்கி வந்தாள். அதைக் கழுவினாள், வெயிலில் வைத்தாள், முகர்ந்தாள், மறுபடி கழுவினாள். உள்ளே ஒரு பல்பு. முட்டையில் குஞ்சு பொரிக்கிற பெட்டிகளுக்கென்று விற்கிற சின்ன சர்க்யூட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். சூடு கூடினால் பல்பை அணைக்கும், குறைந்தால் ஏற்றும். வெளியே சிவப்பில் எண் மின்னும். நடுவில் எங்கள் குண்டா, ராஜா மாதிரி.

முதல் நாள் எண் சரியாகத்தான் காட்டியது. மாவு எழவில்லை. கையை விட்டுப் பார்த்தால் நடுவில் ஜில்லென்று கிடக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற காற்றுதான் சூடாகியிருக்கிறது, மாவு ஆகவில்லை. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். அப்புறம் சர்க்யூட்டிலிருந்து நீளும், சூட்டை அளக்கிற சென்சார் முனையைக் காற்றிலிருந்து எடுத்துக் குண்டாவின் வயிற்றிலேயே டேப் போட்டு ஒட்டினாள். சூடு எல்லாப் பக்கமும் பரவ, பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய குட்டி ஃபேன் ஒன்றையும் மூலையில் வைத்தாள். மறுநாள் காலை மூடியைத் திறந்த என் மனைவி, “அடியே சாமி!” என்று கத்தியதில் சாலையில் போன ஜீப் நின்றுவிட்டது.

அந்த ஜீப் டிரைவர் எங்கள் கடையில் தினமும் முதல் ஆளாகச் சாப்பிடுகிறவர். வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போவார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“கண்ணு, என்னையும் ஒரு ராத்திரி இதுக்குள்ள வெச்சு மூடீரு. காலைல நல்லாப் பொங்கி வாறேன்.”

“நீங்க ஏற்கனவே பொங்கித்தான் இருக்கீங்க மாமா,” என்று அவர் வயிற்றைப் பார்த்தாள் மகள்.

அன்றிலிருந்து எனக்குத்தான் பித்துப் பிடித்தது. ஒரு குண்டாவுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்பதை அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஜனங்கள் உளுந்தையும் அரிசியையும் தின்று, மூச்சு விட்டு, அந்த மூச்சிலேயே எங்கள் மாவைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கடை வாடகை முதல் பள்ளிக்கூடச் சீருடை வரை எல்லாம் அவர்கள் விட்ட மூச்சு. செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். தயிரில் யார், ஊறுகாயில் யார், சர்க்கரை நோய்க்காரருக்கு மருந்து செய்து கொடுக்கிறது யார். இட்லி தின்ன வந்தவர்களுக்கெல்லாம் சட்னியோடு சேர்த்து இதையும் ஊற்றினேன். மழை நாளில் வேறெங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்த டூரிஸ்ட்டுகள் பொறுமையாகக் கேட்டார்கள். வெயில் நாளில் எழுந்து போனார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். “பயோ இன்ஜினியரிங் பக்கம் போறேன்ப்பா,” என்றாள்.

அது ஒரு படிப்பு இல்லை, பெரிய குடை என்று அவள்தான் விளக்கினாள். அதன் அடியில் எங்களுக்கு எட்டுகிறவை இரண்டு. ஒன்று பயோடெக்னாலஜி: உயிருள்ள செல்களை வேலை வாங்கி மருந்தும் மற்றதும் செய்கிற படிப்பு. இன்னொன்று பயோமெடிக்கல்: உடம்பைப் பார்க்கிற, உடம்புக்கு உதவுகிற கருவிகளின் படிப்பு. ஈசிஜி, ஸ்கேன், செயற்கைக் கால், அந்த வகை.

“இதுல எது சோறு போடும்?” என்றாள் என் மனைவி, கரண்டியை நிறுத்தாமல்.

“ரெண்டும் போடும்மா. பயோடெக்குன்னா மேல மேல படிக்கோணும்ங்கிறாங்க. பயோமெடிக்கல்ல நாலு வருசத்துல வேலைக்குப் போவலாம், மேலயும் படிக்கலாம்.”

“டாக்டரும் இல்லாம, இஞ்சினியரும் இல்லாம நடுவால ஒண்ணு,” என்றார் ஜீப் டிரைவர். “கெட்டிச் சட்னியும் இல்லாம சாம்பாரும் இல்லாம உங்கப்பன் ஊத்துவாரே, அது மாதிரி.”

நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. மாவை எழுப்பியவள் மாவுக்குள் இருக்கிறவர்களைத்தானே படிக்கப் போவாள்? பயோடெக்தான். கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவருக்கும் சொன்னேன். பால்காரர், தபால்காரர், செம்மநத்தத்திலிருந்து மூட்டையோடு வந்த மிளகு வியாபாரி, எல்லாருக்கும் என் மகள் பயோடெக் படிக்கப் போவது தெரியும். அவள் பக்கத்தில் தட்டு எடுத்துக்கொண்டிருப்பாள். சிரிப்பாள்.

ஜூலை வந்தது. மலை முழுக்க ஈரம். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அவள் பெயர் வந்துவிட்டது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வேண்டிய வரிசையில் ஆன்லைனில் அடுக்கி, கடைசி நாளுக்குள் பூட்ட வேண்டும். மேலே வைத்தது முதலில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அடுத்தது. பூட்டிய பிறகு மாற்ற முடியாது. அவள் அடுக்கி வைத்திருந்தாள், பூட்டவில்லை. அதற்கு முன் ஒரு கல்லூரியையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கக் காற்றின் சுபாவம் மாறும். முதலில் சட்டைக்குள் விரல் விட்டது, பிறகு தோளில் கை போட்டது, அடிவாரத்தில் நெற்றியில் உட்கார்ந்துகொண்டது. மேலே போர்த்தியிருந்த துண்டைச் சேலத்தில் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கல்லூரியில் எங்களைச் சம்பந்திகள் மாதிரி வரவேற்றார்கள். டீ, பிஸ்கட், வழவழப்பான புத்தகம். இரண்டு துறையும் ஒரே கட்டடம். மேல் மாடியில் பயோடெக், கீழ் மாடியில் பயோமெடிக்கல்.

உள்ளே போனதும் எனக்குக் கோயிலுக்குள் வந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய பெட்டி. அதற்குள் வரிசையாகக் குடுவைகள், மஞ்சள் திரவம். தட்டு வட்டம் வட்டமாக ஆட ஆட எல்லாக் குடுவையும் ஒன்றாகத் தலையாட்டின. உள்ளே லட்சோப லட்சம் பேர் தொட்டிலில் ஆடுகிறார்கள்! அங்கிருந்த ஆசிரியைக்கு என் மகள் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

“இதுங்களுக்குப் பசிக்குமாங்க?” என்று கேட்டேன்.

“பசிக்கும் சார். சர்க்கரை போட்டிருக்கோம்.”

“எதுக்குங்க ஆட்டுறீங்க? தூங்க வெக்கவா?”

அந்தப் பெண் சிரித்தது. “காத்து வேணும் சார். ஆட்டுனாத்தான் உள்ள போகும்.”

இன்னும் பத்து கேள்வி கேட்டிருப்பேன். மகளைக் காட்டலாம் என்று திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. வாசலிலும் இல்லை. பார்த்தால், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நுழைந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்பக்கத்தைப் பார்க்கிறாள். முன்பக்கம் இவ்வளவு பெரிய திருவிழா நடக்கிறது. இவள் ஒயரும் ஓட்டையும் பார்க்கிறாள்.

“ஷாக் அடிச்சிரப் போகுதும்மா,” என்றார் ஆசிரியை.

“ஃபேன் மேல இருக்குதுங்களா மேடம், கீழயா? மூலைல இருக்கிற குடுவைக்கும் அதே சூடு வருதுங்களா?”

ஆசிரியை ஒரு நிமிடம் யோசித்தார். “நல்ல கேள்வி. கீழ் மாடில கேட்டா இன்னும் நல்லாச் சொல்வாங்க,” என்றார்.

கீழ் மாடி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் கை, இன்னொரு பக்கம் பல்லைக் காட்டும் எலும்புக்கூடு. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. குறை மாதத்தில் பிறந்த குழந்தையை வைக்கிற பெட்டியாம். ஏதோ ஆஸ்பத்திரியில் பழசானதைப் பாடம் நடத்தக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு துணி பொம்மை படுத்திருந்தது. நான் கதவோரமே நின்றுகொண்டேன்.

என் மகள் இந்த முறை பின்னால் போகவில்லை. நேராக முன்னால் போய் நின்றாள்.

“இதுல சென்சார் எங்க இருக்கு மேடம்?”

“ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு காத்துக்கு.” அங்கே நின்ற பயோமெடிக்கல் ஆசிரியை பொம்மையின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “இன்னொண்ணு இங்க. குழந்தையோட தோல்ல.”

“தோல்லயே ஒட்டுவாங்களா?”

“ஆமா. பெட்டி சூடா இருக்கறது முக்கியம் இல்ல. குழந்தை சூடா இருக்கோணும்.”

மகள் குனிந்து அந்த இடத்தையே பார்த்தாள். அவள் காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அழுதால் கண் சிவக்காது, பிடித்தது கையில் கிடைத்தால் காது சிவக்கும்.

“அது கழண்டு விழுந்துட்டா?” என்றாள். “குளுருதுன்னு நெனச்சுச் சூட்டை ஏத்திக்கிட்டே போவுமே?”

“அதுக்குத்தான் தனியா ஒரு பாதுகாப்பு இருக்கு. எல்லை தாண்டினா ஹீட்டர நிறுத்திட்டுச் சத்தம் போடும். இத மொதல் நாளே கேக்குற புள்ள நீதான்.” அவர் நாற்காலியை இழுத்து என் மகளுக்குப் போட்டார். நான் வெளியே போய் மரத்தடியில் நின்றேன். அவர்கள் பேசி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. அடிவாரம் தாண்டியதும் மூட்டம் இறங்கி வந்து கண்ணாடியில் ஒட்டியது.

“கண்ணு, மேல அந்தக் குடுவைங்கள நீ பாக்கவே இல்லியே?”

“பாத்தேனே. மஞ்சளா இருந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னப்பா? நீங்கதான் அதுங்க சாப்புட்டுச்சா தூங்குச்சான்னு எல்லாம் விசாரிச்சிட்டீங்களே.”

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தணித்தேன். “அப்பறம் எதுக்கு எல்லார்கிட்டயும் பயோடெக்குன்னு சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க.”

யோசித்துப் பார்த்தேன். பால்காரரிடம் சொன்னது நான். தபால்காரரிடமும் நான். அவள் தட்டுதான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாவு எந்திரிச்சப்ப அவ்வளவு சந்தோசப்பட்டியே?”

“மாவு தானா எந்திரிக்கும்ப்பா, அது வேலை அது. பெட்டி சொன்ன பேச்சக் கேட்டுச்சு பாருங்க, அதுக்குத்தான் சந்தோசம்.” கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தாள். “உங்களுக்கு நொம்பப் புடிச்சிருந்துச்சு. அதான் பயோடெக்க மொதல்ல வெச்சிருக்கேன். பயோமெடிக்கல் அதுக்குக் கீழ. பரவால்லப்பா, அதுவும் நல்ல படிப்புதான்.”

பரவாயில்லை என்று அவள் சொன்னது எனக்குப் பரவாயில்லை என்று படவில்லை. நாலு வருஷம், அதற்கு மேலும், ஒரு பெண் என் ஆசையைத் தன் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இந்த வளைவுகளில் ஏறி இறங்கப் பார்த்தாளே. அடுத்த வளைவில் பஸ் திரும்பியது. நான் கம்பியைப் பிடிக்க மறந்து அவள் மேலேயே சாய்ந்தேன்.

“மாத்திரு,” என்றேன்.

“அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“ரெண்டு நாள் வெச்சுக்குவேன். பொறுத்துக்க.”

கடைக்கு வந்ததும் என் மனைவி விஷயத்தைக் கேட்டாள். அவளுக்கு ஒரே கேள்விதான். “படிச்சுட்டு எங்க போயி நிக்கோணும்?”

“ஆஸ்பத்திரி மெசினு பாத்துக்கிற வேலை இருக்குதும்மா. செய்யற கம்பெனியும் இருக்குது. புதுசா நானே ஒண்ணு உண்டாக்கோணும்னா இன்னும் படிக்கோணும்.”

“உண்டாக்கு, உண்டாக்கு. ஆனா இந்த மீன் பொட்டி மாதிரி நாறாமப் பாத்துக்க,” என்று மாவரைக்கப் போய்விட்டாள்.

ஜீப் டிரைவர் டீயோடு உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க, பயோடெக்குன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சீங்க. இனி அத்தன பேருகிட்டயும் திருப்பிச் சொல்லோணுமே?”

“நீங்க ஜீப்ல போறப்ப சொல்லிருங்க.”

“அதுக்குத் தனி வாடகைங்க.”

மகள் கடைசி மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். பயோமெடிக்கலை மேலே ஏற்றினாள், பயோடெக் ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் அதையே செய்தாள். முதலிலிருந்து படித்தாள். மறுபடியும் படித்தாள். பூட்டுகிற பட்டனை அழுத்தினாள். என் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. பதிவு செய்தது என் நம்பர். ஓடிபி எனக்குத்தான் வரும்.

“சொல்லுங்கப்பா.”

கண்ணாடியைத் தேடினேன். அது நெற்றியிலேயே இருந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணுக்கு நான் கொஞ்சம் தாமதித்தேன் போல. அவள் நிமிர்ந்து பார்த்தாள். காது சிவந்திருந்தது.

சொன்னேன்.