ஸ்டெல்லாவுக்கு ரூட் குடுத்த மேனேஜர்

போன வாரம் காலைல பால் வாங்கப் போனேன். பக்கத்து வீட்டு ரத்னம்மா என்னைய ஓரமா இழுத்துட்டுப் போயி காதைக் கடிச்சா.

"ஏனக்கா, உங்க பேத்தி நேத்து எஸ்டிடி பூத்துல பேசிச்சு. நான் பின்னாடிதான் நின்னேன். 'மேனேஜர் எனக்கு ரூட் குடுத்துட்டாருடி'ன்னு ஒரே குதி! வயசுப் பொண்ணு... பாத்துக்கோங்க."

ரூட்டா?

பஸ்ஸுக்கு ரூட் உண்டு. பொண்ணுங்க பின்னாடி சுத்துற பசங்க விடுறதும் ரூட்டுதான். மேனேஜர் இதுல எதக் குடுத்தாரு? அந்த ஆள எனக்குத் தெரியும். மாதா கோயில்ல மண்டி போட்டா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும். ரூட் விடுற முட்டியா அது?

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கினா பேத்தி ஸ்டெல்லா. செருப்பக் கூட கழட்ட விடல நான்.

"ஏண்டி, மேனேஜர் என்னமோ குடுத்தாராமே?"

"ரூட் பாஸ்வேர்டு ஆயா!"

இவ ஓசூர் கம்பெனில கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கா. சேந்து கொஞ்ச நாள்தான், வேல இன்னும் கன்ஃபார்ம் ஆவல. லோடு பில்லு எல்லாம் அங்க இருக்கற ஒரே கம்ப்யூட்டர்லதான் வருது. அதுக்குள்ள 'ரூட்'னு ஒரு பேரு இருக்காம். அந்தப் பேர்ல போனாத்தான் முழு அதிகாரம். மத்தவங்க எதையாச்சும் தொட்டா 'பர்மிஷன் டினைட்'னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்லுமாம். எங்க மாமியாருக்கு இங்கிலீசு தெரியாது... மத்தபடி அதே ஆளுதான்.

முந்தின நாளு அந்த மெசினு, உள்ள எடமில்லாம வயிறு ரொம்பி நின்னுடுச்சு. பில்லு வரல. லோடு ஏத்தின லாரிங்க கேட்டுல நிக்குது. பாஸ்வேர்டு தெரிஞ்ச இஞ்சினியரு பெங்களூர்ல. அங்க பந்த்து, பஸ்ஸு ஓடல. இன்னொரு ஆளு மேனேஜரு. அவருக்குப் பாஸ்வேர்டு தெரியும், வேல தெரியாது.

"எனக்கு வேல தெரியும் சார். பாஸ்வேர்டு குடுங்க"ன்னு கேட்டிருக்கா.

"தப்பாச்சுன்னா?"

"நாளைலேர்ந்து வரல சார்."

நான் நடுவுல மறிச்சேன். "அப்பிடி என்னடி தப்பு ஆவும்?"

"பழைய குப்பைய அழிக்கணும் ஆயா. கருப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி அடிக்கணும். நடுவுல ஒரு ஸ்பேஸ் அதிகமா வுட்டேன்னு வைங்க, கம்பெனி கணக்கு மொத்தமும் அழிஞ்சிடும்."

"நெசமா அழிக்கட்டுமான்னு கேக்காதா?"

"ரூட்டுன்னா கேக்காது. சொன்னதச் செஞ்சிடும்."

அப்பிடி ஒரு ஆளத்தான் கட்டிக்கணும்னு இருந்தேன் நானு... கெடச்சது இவ தாத்தா.

அந்த வரிய அடிச்சுட்டு இவ என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா! எழுத்து எழுத்தா வாய்விட்டுப் படிச்சா. அப்புறம்தான் ஒத்த வெரல நீட்டி எண்டர் தட்டினா.

மெசினு பேசவே இல்ல. இவ பில்லு ஒண்ணு போட்டுப் பாத்தா. கர்ர்ருன்னு கத்திச்சு பாருங்க பிரிண்டரு!

லாரி எல்லாம் போச்சு. "பாஸ்வேர்டு உங்கிட்டயே இருக்கட்டும்மா"ன்னுட்டாராம் அவரு.

கேள்வி கேக்க ஆளில்லாத அதிகாரம் வந்தா எத்தன பேருக்குக் கையப் பின்னால கட்டிக்கத் தோணும், சொல்லுங்க?

"கையக் கட்டினப்ப யார நெனச்சே? மாதாவையா?"

"உங்களத்தான் ஆயா."

எனக்கு உச்சி குளுந்துடுச்சு.

"போட்டோமான்னு பாக்காம கொழம்புக்குத் திரும்ப உப்புப் போடுவீங்கல்ல... அப்பிடி ஆயிடக் கூடாதேன்னு."

கொழுப்பப் பாத்தீங்களா! ஆனா ரூட்டுன்னா இங்கிலீசுல வேருன்னு அர்த்தமாம், அதையும் அவதான் சொன்னா.

மறுநா ரத்னம்மா வாசல்லயே நின்னா. "விசாரிச்சீங்களாக்கா?"

"விசாரிச்சேன். நெசந்தான் ரத்னம்மா. பாஸ்வேர்டு மேனேஜர் குடுத்தது... வேரு எங்க வீட்டுது!"