பேய்ப் படையில் என் அண்ணன்

என் அண்ணனுக்குப் பயம் என்பதே கிடையாது, புத்தியும் அவ்வளவுதான். எல்லைப் போராட்டக் காலம். எங்கள் பாறசாலை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்ட கூட்டத்தில் அவன் முன்வரிசையில் நின்றான். போலீஸ் வீடு தேடி வந்தபோது அடுக்களை வழியாக இறங்கி ஓடிவிட்டான். கொஞ்ச நாள் கழித்து, கள்ளிக்காட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டால், பிணமாகக் கிடக்கிறானாம்!

மதராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து அந்தக் காட்டில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பர்மா யுத்தத்தில் செத்த பட்டாளக்காரர்கள், தங்களைக் கைவிட்டு ஓடிய மேலதிகாரியைத் தேடி அந்திதோறும் எழுந்து நடக்கிற கதை. பேய்களுக்கு ஆள் வேண்டுமே. முகத்தில் அரிசிமாவை அப்பி, கண்ணைச் சுற்றிக் கரி பூசி, காக்கிச் சட்டையும் மாட்டிவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்று அண்ணன் நினைத்திருப்பான்.

அம்மைக்குத் தலைக்கேறிய கோபம். "உயிரோட இருக்கியவன் பொணமாட்டு கெடக்கலாமா? வரட்டும், முதுகுத் தோலை உரிக்கியேன்!"

அந்தக் கம்பெனிக்கு வாழைக்குலை கொண்டுபோகும் வண்டிக்கார மாமன்தான் அடுத்த தகவலையும் கொண்டுவந்தார். போலீஸ் வந்து தேடியதாம். பேய்கள் எல்லாம் மூச்சுவிடாமல் கிடந்தனவாம். கட்டெறும்பு கடித்ததில் ஒரு பிணம் மட்டும் துள்ளி எழுந்ததாம். சொல்லும்போது மாமன் சிரித்தார். அம்மையின் முகத்தைப் பார்த்ததும் தலைகுனிந்துகொண்டார். அண்ணனை அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன்பிறகு ஒரு விவரமும் இல்லை. லாக்கப்பில் ஒருவன் அடிதாங்காமல் செத்துப்போனான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பெயர் யாருக்கும் தெரியவில்லை. அம்மை கேட்டுப் போகாத வாசல் இல்லை. கருமாதி செய்துவிடு என்று சொல்லவந்த சொந்தக்காரிகளை, "எம்பிள்ளைக்கா? எறங்குங்கடி முற்றத்தை விட்டு!" என்று விரட்டினாள். ஆனால் எனக்குத் தெரியும், அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவன் வந்துவிட்டால் என்று இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் அந்தப் படம் உதியன்குளங்கரை ஓலைக் கொட்டகைக்கு வந்தது. எனக்குப் பேயென்றால் குலைநடுங்கும். அம்மை கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனாள். அந்தக் கொட்டகையின் ஈர மணலும் வறுத்த கடலையும் சேர்ந்த வாசம் இன்றைக்கும் என் மூக்கில் உண்டு.

திரையில் கள்ளிக்காட்டுப் பாறை தெரிந்தது. பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்றாவதாக எழுந்தவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான், வீட்டில் சோறு கேட்டு வருவானே அதே நடை. "எண்டம்மே!" என்று பின்னால் ஒருவர் மலையாளத்தில் அலறினார். நான் தேம்பித்தேம்பி அழுதேன். பிடிபடுவதற்கு முன்பு எடுத்த படம்தானே, இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

கடைசிக் கட்டம். கள்ளிக்காடே இல்லை, வேறு எங்கோ எடுத்தது. ஏதோ இடிந்த பங்களா. பேய்ப்படை அந்த அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு வருகிறது. பின்வரிசையில் ஒரு பேய் இடதுகாலை இழுத்து இழுத்து வந்தது.

"பேயும் நொண்டுமோடே?" என்று யாரோ கேட்க, கொட்டகையே சிரித்தது.

அம்மையின் நகம் என் கையில் பதிந்தது. "அவனாக்கும் அது! பாவிகள் காலை அடிச்சு ஒடிச்சிருக்கானுவ. எம்பிள்ளைக்கு நொண்டல் ஏது? இது அவனைப் பிடிச்ச பொறவு எடுத்ததாக்கும். தப்பிச்சு மறுபடி கம்பெனிக்காரனுவ கூடப் போயிருக்கான். உயிரோட உண்டு மக்கா, எம்பிள்ள உயிரோட உண்டு!"

அதிகாரியின் கழுத்தில் பேய்கள் கைவைத்தபோது ஊரே அலறியது. என் அம்மை மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணீர் தாடையில் வழிய. படம் கொட்டகையை விட்டுப் போகிறவரைக்கும் தினமும் போனாள்.

எல்லை பிரித்தார்கள். பாறசாலை கேரளத்திலேயே நின்றது. அண்ணன் கேட்டது கிடைக்கவில்லை. அதற்கும் பிறகு ஒரு மத்தியானம், அம்மை அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்த நான் பேயைக் கண்டதுபோல அலறினேன்.

அம்மை திரும்பவில்லை. குழவியைப் பிடித்த கை மட்டும் நின்றது.

"காலு வேதனை இப்பம் எப்படி உண்டு மக்கா?" என்றாள்.