பன்னீர் ரோஜாவை வெட்டிய சனிக்கிழமை

சிங்கப்பூரில், தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பன்னீர் ரோஜா வைத்திருக்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கியபோது இரண்டு சாண்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் என் தோள் உயரம் வந்து, நடக்கும் வழிப்பக்கம் சாயவும் ஆரம்பித்தது. இந்த ஊரில் பனிக்காலம் கிடையாது. ரோஜா தானாக ஓய்வெடுக்காது. நாம்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். எனக்கோ பூத்திருக்கும் கிளையை வெட்ட மனம் வராது. பூக்காத கிளையென்று அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வீட்டில் ஓர் இஸ்லாமியத் தம்பதி. அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. தினமும் காலையில் கணவர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, என் வாசல் வழியாக மின்தூக்கிக்குத் தள்ளிக்கொண்டு போவார். முள்கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாதவரை எனக்கென்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் இடது கையில் நீளமாக ஒரு கீறலைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. மன்னிப்புக் கேட்பது எனக்கு அவ்வளவு எளிதில் வராது. அதனால் மறுநாள் விடிந்ததும் வெட்ட உட்கார்ந்தேன். காய்ந்தது, குறுக்கே போனது, உள்நோக்கி வளர்ந்தது எல்லாம் போயிற்று. மீதியை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி முழங்கால் உயரத்தில் நிறுத்தினேன். மொட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. கூட்டிப் பெருக்கியதும் வழி பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தி.

அவர்கள் வந்தார்கள். செடியருகே நாற்காலி நின்றது.

“என்ன தங்கச்சி, எல்லாத்தையும் வெட்டிட்டீங்க?”

“அக்கா கையக் கீறிடுச்சே, அண்ணே. நான் முன்னாடியே வெட்டியிருக்கணும்.”

“அட, அது அவளா கைய நீட்டினது லா. பூவத் தொட. தெரபி எல்லாம் செஞ்சும் அசையாத கை. இந்தச் செடிகிட்ட வந்தா மட்டும்தான் கொஞ்சம் தூக்குவா.”

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கீறல் எந்தக் கையில் என்று நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

“மறுபடி எப்பப் பூக்கும்?”

“ஆறு, ஏழு வாரம் ஆகும், அண்ணே.”

அந்த அம்மா மொட்டைக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது.