சாப்பிட்டு முடித்ததும் பட்டினி

திண்டிவனத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மறதி நோய் வந்தவரைக்கூடச் சமாளித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு காரில் வந்து இறங்குகிற சொந்தக்காரர்களைச் சமாளிக்க முடியாது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலக்கூர்ப் பக்கம் அந்தோணிசாமி என்று ஒரு பெரியவர். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு வாழ்ந்தவர். டிமென்ஷியா முற்றியிருந்தது. குளிப்பாட்டுவது, வேட்டி மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் மருமகள் ஸ்டெல்லா. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தெருவில் போய் நின்று, “மருமவ சோறே போடல” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, சாப்பிட்டதே அவர் நினைவில் இல்லை. ஆனால் ஊருக்கு அது எதற்கு? வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு நான் போனபோது வீட்டில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து மூத்த மகள் பிலோமினா வந்திருந்தார். பெரியவர் மகளைக் கண்டதும், “வாம்மா, கார்லயா வந்த?” என்று கேட்டுவிட்டுச் சட்டமாக உட்கார்ந்திருந்தார். விருந்தாளி முன்னால் இந்த நோய் கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர்.

“நல்லாத்தானே பேசறாரு! நோயின்னு சொல்லிக்கினு எங்கப்பாவப் பட்டினி போடறியா? டேய் ஆரோக்கியம், இவள அவ அம்மா வூட்டுக்கு அனுப்புடா” என்றார் பிலோமினா.

ஸ்டெல்லாவின் கணவன் ஆரோக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவுக்காவது நோய், இவன் வாய்க்கு என்ன வந்தது? ஸ்டெல்லா அழவில்லை. துணிகளைப் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க சொல்றது சரிம்மா. பொண்ணு கையால சாப்ட்டா தெம்பாயிடுவாரு. ஒரு வாரம் கூட்டிக்கினு போங்க. அப்புறம் இவங்கள அனுப்பறதப் பத்திப் பேசலாம்” என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னதால் அம்மணியால் மறுக்க முடியவில்லை. கேட்டை எப்போதும் பூட்டி வைக்கச் சொன்னேன். “எங்கப்பாவ எனக்குத் தெரியாதா சிஸ்டர்?” என்றார்.

செவ்வாய்க்கிழமையே போன் வந்தது.

“சிஸ்டர், பேஜாரா பூடுச்சி. இட்லி துன்ன கையோட கோயில் வாசல்ல போய் நின்னுக்கினு, பூசை முடிஞ்சி வர்றவங்க கிட்டல்லாம் ‘எம் பொண்ணு சோறு போடாம கொல்றா’ன்னு சொல்றாரு. ஃபாதரு என்னக் கூப்ட்டு புத்தி சொல்றாரு சிஸ்டர்! சத்தியமா நான் போட்டேன்.”

“நல்லாத்தானே பேசறாரு” என்றேன்.

மறுநாளே காரில் கொண்டுவந்துவிட்டார்கள். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. ஸ்டெல்லா அத்தனை நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டு, கண்ணாரத் தூங்கியிருந்தாள். பையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

“அண்ணி, மாசத்துல ஒரு வாரம் நீங்க வெச்சிப்பீங்கன்னா இருக்கேன். இல்லன்னா கெளம்பறேன்.”

பிலோமினா அப்பாவைப் பார்த்தார். பெரியவர் மருமகள் காதருகே குனிந்து, “அந்தம்மா வூட்டுக்கு வேணாம், சோறு போடாது” என்றார்.

“சரி, ஒரு வாரம்” என்றார் பிலோமினா, யார் முகத்தையும் பார்க்காமல். அதன் பிறகுதான் ஸ்டெல்லா பையைப் பிரித்தாள்.

பிள்ளைகளே, நோயாளிக்கு மருந்து எழுத டாக்டர் இருக்கிறார். பார்த்துக்கொள்கிறவளுக்குத் தூக்கமும் நல்ல பெயரும் வாங்கித் தருவதுதான் உங்கள் வேலை. குறை சொல்ல வருகிறவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். நோயாளியை அவர்கள் காரிலேயே ஏற்றிவிடுங்கள்.