எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனோம்

அந்த நல்லெண்ணெய்ப் பாட்டில் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மூடிக்கு மேல் பாலித்தீன் தாள் சுற்றி, ரப்பர் போட்டு இறுக்கிய பாட்டில். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, என் மாமியார் அதைப் பையில்கூட வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு மார்த்தாண்டத்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். சாத்தூருக்குப் பக்கத்தில், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஊர் அவருடையது. பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சீரெல்லாம் ஒங்க இஷ்டம். ஒங்க அருவியில நான் ஒரு தடவ குளிக்கணும்."

"அதுக்கென்ன மைனி, தண்ணிக்கு இஞ்ச பஞ்சமா?" என்று வாக்குக் கொடுத்தவர் என் சித்தப்பா. அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அவர்தான். ஆகவே அந்தக் குளியலில் எங்கள் குடும்ப மானமே இருந்தது.

அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, வேன் ஏறுவதற்கு முன்னாலேயே எல்லோரையும் எண்ணெய் தேய்க்க வைத்துவிட்டார் சித்தப்பா. மாமியார் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டார். வேன் சீட்டெல்லாம் வழுவழு. மார்த்தாண்டத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது. நம் தலைக்கு மேல் வெயில் என்றால் மலையிலும் வெயில்தான் என்று நம்புகிற கூட்டம் நாங்கள். அங்கே முந்தின நாள் கொட்டித் தீர்த்த மழையை யார் கண்டார்கள்!

திற்பரப்பு அருவிக்கரையில் இறங்கினால் கயிறு கட்டியிருக்கிறது. பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்களாம், குளிக்கத் தடை. செம்மண் நிறத் தண்ணீர் பாறையை முழுக்க மூடிக்கொண்டு விழுந்தது. எண்ணெய் வழிய ஒரு கல்யாணக் கூட்டமே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தப்பா விடவில்லை. குளிக்க வைக்க முடியாத குறைக்கு, அருவி உண்டான விதத்தை அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னார். "இந்தப் பாறை கெட்டி, மைனி. ஆறு எம்புட்டு உரசினாலும் லேசுல தேயாது. அதுக்கு அந்தப் பக்கம் கெடந்தது எளகின பாறை. அத அரிச்சு அரிச்சுக் கொண்டு போயிட்டு. படி விழுந்துட்டுல்லா, அதான் அருவி!"

மாமியார் பாறையைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, எங்க ஊரு கம்மாய் நெறைய இது எம்புட்டு நேரம் விழணும்?"

சித்தப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். சாரல் மாமியாரின் எண்ணெய் முகத்தில் ஒட்டாமல் உருண்டது. திடீரென்று அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இம்புட்டுத் தண்ணி கெடந்தும் குளிக்க முடியலன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாக!" அந்தச் சிரிப்பு எல்லோரையும் தொற்றிக்கொண்டது. இந்த மனுஷியோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது அந்த நிமிடத்தில்தான். வீட்டுக்கு வந்து எங்கள் கிணற்றடியில் ஒரே வாளித் தண்ணீரில் அத்தனை எண்ணெயையும் போக்கிவிட்டு எழுந்துவிட்டார். நான் இறைத்து வைத்த மற்ற வாளிகள் அப்படியே இருந்தன.

பிறகு நானும் என் கணவரும் மார்த்தாண்டத்திலேயே குடியிருந்தோம்; மாமியார் வந்ததெல்லாம் கோடையில். அருவி நூலாக ஒழுகும், அதற்கும் அடிபிடி. மாமனார் போனபின் எங்களோடேயே வந்துவிட்டார். பக்கத்தில் இருக்கும் அருவிக்குப் போக யாருக்கு நேரம்? நாளைக்கு, அடுத்த வாரம் என்றே வருஷங்கள் ஓடின. அவரும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

போன மாதம் நானே கிளப்பினேன். வானத்தை நம்பாமல், அருவிக்கரைக் கடைக்காரரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் வண்டி எடுத்தோம். மாமியார் மடியில் எண்ணெய்ப் பாட்டில், அதே மாதிரி ரப்பர் போட்டு. தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறந்தார். அன்றைக்கு அருவி பதமாக விழுந்தது. கீழே போய்த் தலையைக் கொடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

காலிப் பாட்டிலோடு நான் ஓரத்தில் காத்திருந்தேன். எண்ணெய் எப்போதோ போயிருக்கும். "அத்தை, போருமா?" என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார். "ஏட்டி மக்கா, இன்னும் இச்சிரி நேரம் நிக்கட்டா?"