மானுக்கு விட்ட லீவு

தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த நந்திதுர்க் சயனைட் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் பதினொரு மான்கள் மிஞ்சியிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வனத்துறையும் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டோம். நான் செயலாளர். சுரங்கத்தை மூடிய பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அந்தப் பதவி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தடியோடு சுற்றி வந்து, எங்கள் லைன்களிலிருந்து போகும் நாய்களை விரட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய சுரங்கத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேரை மூன்று ஷிஃப்டாகப் பிரித்தேன். வேறு விதமாக வேலை செய்து எங்களுக்குப் பழக்கமில்லை.

ஒரு விடிகாலை, நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் நாய்கள் ஒரு சினைமானைக் கொன்றுவிட்டன. குழி தோண்டிப் புதைத்தோம். எங்களில் மூத்தவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஷிஃப்ட்ல சாவு வுழுந்துடுச்சி. இன்னிக்கு யாரும் வேலைக்கு எறங்கக் கூடாது."

சுரங்கத்தில் எங்கள் வழக்கம் அது. என் அப்பா ஷாஃப்டில் செத்த அன்று மொத்த ஷிஃப்டும் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் எப்படி மாட்டேன் என்பேன்?

வனக்காவலர் கன்னடக்காரர். அன்று அவருக்குப் பங்காருபேட்டையில் டியூட்டி, இங்கே காவல் நிற்க முடியாது. "பேடா சார், வேணாம். ரத்தம் ருசி பாத்த நாய்ங்க, இன்னிக்கே திரும்ப வரும்" என்று கெஞ்சினார்.

"செத்தது எங்க ஷிஃப்ட்ல. உங்களுக்கு இதெல்லாம் இன்னா புரியும்? போங்க" என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

மறுநாள் காலை போனபோது ஆறு மான்கள் கிடந்தன. அதில் இரண்டு குட்டி. மற்ற நான்கும் எந்தப் பக்கம் ஓடினவோ, திரும்பி வரவே இல்லை. மூத்தவர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் லீவு கேட்கவில்லை.

இப்போது சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கமிட்டியை ஏனோ இன்னும் கலைக்கவில்லை. நாங்களும் போகாமல் இருப்பதில்லை.

போன வாரம் மூத்தவர் பாதி வழியில் நின்றார். "இன்னாத்துக்குப்பா இன்னும் சுத்தறோம்?"

"சாவு வுழுந்தாதானண்ணா லீவு? நடங்க" என்றேன்.

வேலிக்குள் சாவதற்கு ஒன்றும் இல்லை. நடந்தோம்.