சாந்தாமேரி தேர்ந்தெடுக்காத கேமரா

உள்ளறையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த சாந்தாமேரியின் கை அப்படியே நின்றது. அது கம்ப்யூட்டர் போடும் சத்தம். அதைத் தொடாதீர்கள் என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டல்லவா வந்தாள்!

ஈரக் கையோடு ஓடினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"கேமரா கார்டைக் கம்ப்யூட்டர் படிக்கலைன்னு நேத்து அழுதியே, இப்பப் பாரு கண்ணு. படிக்குது!"

படித்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"என்ன பண்ணுனீங்கண்ணா?"

"ஃபார்மேட் பண்ணட்டுமான்னு அதுவா கேட்டுச்சு. சரின்னு அமுத்துனேன்."

முந்தின நாள் அதே கேள்வி அவளிடமும் வந்தது. வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, கார்டை உருவி மேசைமேல் வைத்தவள் அவள். அந்தக் கார்டில்தான் கிளியூர் பெரியநாயகத்தின் கடைசிப் படம் இருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் படம். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெஸ்லினுக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பா மொகத்தைப் படத்துலயாச்சும் பாக்கோணுங்க்கா" என்று போனில் கதறியிருந்தாள் பாவி மகள்.

புருஷன் போன பிறகு சாந்தாமேரிக்குச் சோறு போட்டது போட்டோதான். ஞானஸ்நானம், புதுநன்மை என்று செம்மநத்தம் முதல் தலைச்சோலை வரை அவளைத்தான் கூப்பிடுவார்கள். எஸ்டேட் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை கணக்கெழுதும் ரைட்டரிடம் கெஞ்சி வாங்கி வந்து, வீட்டிலேயே படம் போட்டுக் கொடுத்தாள். பழைய கேமரா கெட்டபோது, "என்ற கம்ப்யூட்டருக்கு ஒத்து வருமான்னு கேட்டுட்டு வாங்கலாமுங்கண்ணா, நானும் வாரேன்" என்றாள்.

"கம்ப்யூட்டருக்குப் பொண்ணா பாக்கறோம், பொருத்தம் பாக்க?" என்று கேலி செய்துவிட்டு, தனியாகச் சேலம் இறங்கி, கடையிலேயே புத்தம் புதுசாக வந்ததை வாங்கி வந்தவர் இந்த அண்ணன். அதன் புது ரகக் கார்டைத்தான் பழைய கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை.

"போட்டோதானே? ஊட்டு ஆளுங்களை மறுக்கா நிக்க வெச்சு எடுத்துக்க" என்றார் இப்போது.

"மண்ணுக்குள்ள போன மனுசனை எங்கீங்க நிக்க வெக்கிறது?"

அந்தக் குரலில் சுவரே அதிர்ந்தது.

"என்ற படிப்பை நிறுத்துனப்ப என்னைக் கேக்கலை. என்ற ஊட்டுக்காரரு செத்தப்ப எஸ்டேட் லைன் ஊட்டைக் காலி பண்ணறம்னு ரைட்டருகிட்ட ஒத்துக்கிட்டீங்க, அப்பவும் கேக்கலை. இந்த மிசினு கேட்டதுக்கு ஒடனே சரின்னீங்க. நான் சொன்னது மட்டும் உங்க காதுல ஏறவே ஏறாதுங்களா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்... இரு, ஒரு படம் எடுத்துக் காட்டறேன், நொம்பத் தெளிவா விழும்" என்று கார்டை உருவிக் கேமராவில் சொருகப் போனார்.

பருந்துபோலப் பாய்ந்து பிடுங்கினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாபெஸுக்குப் போன் போட்டாள்.

"அதுல புதுசா ஒரு படங்கூட எடுத்துறாதீங்க்கா" என்றான் அவன். "எடுத்தா பழசு சுத்தமாப் போயிரும். கொண்டாங்க, தேடிப் பாக்கறேன். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால்? கார்டைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினாள். கேமராவைப் பெட்டியில் போட்டு அண்ணன் கையில் திணித்தாள்.

"இதைக் கடையில திருப்பிக் குடுத்துருங்க. இனி நானே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுவேன். கடையில வெச்சு, கண்ணு முன்னால சொருகிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

"ஊருல என்ன பேசுவாங்க சாந்தா?"

"ஜெஸ்லினுக்கு நான் என்னங்க பேசறது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ரசம் ஆயிருச்சா? ஒரு வாய் சாப்பிட்டு..."

"ஆகலீங்க."

வாசலில் குளிர் மேகம் இறங்கியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கமான வார்த்தைக்காக அவர் நின்றார். யார் வந்து போனாலும் 'போயிட்டு வாங்க' என்று வாய் நிறையச் சொல்லுகிறவள் அவள்.

"போங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

கேமராப் பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் படியிறங்கினார். இடுப்பு முடிச்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, சாந்தாமேரி கதவை அறைந்து சாத்தினாள்.